காலி நாற்காலிக்கும் ஒரு தட்டு

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த வருடம், துரியான் விழத் தொடங்கியிருந்த சமயம். மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சினிமாக் கொட்டகை ஒன்றின் விளம்பர லாரியில் நின்றுகொண்டு, இன்றோடு இந்தப் படம் கடைசி, குடும்பத்தோடு வாருங்கள் என்று தமிழில் கத்துவதுதான் என் உத்தியோகம். கையில் ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். அது பாதி நாள் வேலை செய்யாது. வேலை செய்யாத நாளில்தான் கூட்டம் அதிகம் வருகிறது என்பார் முதலாளி. என் குரல் அப்படி.

ஒருநாள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி லாரி வளைந்தது. கதாநாயகி கண்ணீர் விடும் கட்டத்தை விவரித்துக்கொண்டிருந்த நான் வளையாமல் நேரே போனேன். பள்ளிவாசல் பக்கமிருந்து ஓடிவந்தவர்கள் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கால் முறிந்திருந்தது. நான் விழும்போதும் படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் விழுந்தேன் என்று பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். முதலாளிக்கு அதில் ரொம்பத் திருப்தி.

இங்கே என் வீட்டுக்கார அம்மாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், மலாய்க்காரர்கள் சின்னம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி. நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். செட்டிக் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படித்தான். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். என்னைத் தம்பி என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் மீதி எல்லாமே மலாயில்தான் நடக்கும்.

கம்போங் செட்டியில் வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு முந்தின நாளும் பழக்காலத்திலும், பார்ச்சு என்று ஒன்று செய்வார்கள். இறந்துபோன முன்னோர்களுக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் பரிமாறி, சாம்பிராணி காட்டி அழைப்பார்கள். அப்புறம், அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். இதில் மாக்சிக்குக்கு மட்டும் வெகுநாளாக ஒரு கவலை இருந்தது. அவருடைய அப்பா, தாத்தா எல்லாருக்கும் மலாய் புரியும். ஆனால் முதன்முதலில் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குத் தமிழ்தானே தெரிந்திருக்கும்? பாவம், இத்தனை வருடமாக நாம் கூப்பிடுவது புரியாமல் அவர்கள் வாசலிலேயே நின்றிருந்தால்?

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்ததும் அவருடைய கவலை தீர்ந்தது. தமிழும் தெரியும், குரலும் பெரிது. ஒவ்வொரு பார்ச்சுக்கும் என்னை நடுவீட்டில் நிறுத்தி, முன்னோர்களின் பெயரை எல்லாம் சொல்லிக்கொடுத்து, தமிழில் கூப்பிடச் சொல்வார். நானும் வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா, இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவேன். தெருவில் வேறு எந்த வீட்டிலும் இந்த ஏற்பாடு கிடையாது. இது மாக்சிக்கின் சொந்த யோசனை. அதனால் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வார்டில் இடநெருக்கடி. மாக்சிக் வீட்டில் கக்கூஸ் புழக்கடையில் படியேறிப் போகிற மாதிரி இருந்ததால் என்னை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. கட்டுப் பிரிக்கும் வரை கிளேபாங் கடற்கரையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வைப்பது என்று வார்டு சிஸ்டர் முடிவுசெய்தார். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மாவுக்கட்டு வயது பார்க்கவில்லை.

அப்படி அனுப்புவதற்கு முன்னால், ஆள் எப்படிப்பட்டவர், என்ன சாப்பிடுவார், தானே குளிப்பாரா, சுபாவம் எப்படி என்று விசாரித்து இல்லத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். சிஸ்டர் விசாரிக்க வந்த நேரத்தில் நான் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாக்சிக் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். எழுப்புவானேன் என்று சிஸ்டர் அவரிடமே கேட்டுவிட்டார். மாக்சிக்குக்கு என் மேல் உயிர். என்னை யாராவது விசாரித்தால் போதும், ஒன்றுவிடாமல் சொல்வார். அன்றும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நடந்தது எனக்குத் தெரியாது.

இல்லத்தை நடத்திய மேட்ரன் போர்த்துகீசிய வம்சாவளி அம்மாள். கழுத்தில் சிலுவை, பருத்த உடம்பு, மலாய் சரளமாகப் பேசுவார். அவரைப் போல நல்ல மனசுக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நல்ல மனசில்தான் சிக்கலே. என்னிடம் அவர் குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினார். முறிந்தது காலா காதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் அறைக் கதவில் மட்டும் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தட்டில் சோறு, மீன் குழம்பு, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் வைத்திருந்தது. யாரோ தாமதமாக வருகிறார் போல என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சோறு வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தத் தட்டையும் இழுத்துச் சாப்பிட்டுவிட்டேன். மறுநாளும் தட்டு வந்தது. மறுநாளும் சாப்பிட்டேன். காலியான தட்டை மேட்ரன் தூக்கிப் பார்த்து, ஏதோ உறுதியான மாதிரி மெல்லத் தலையாட்டிக்கொண்டு போவார். இல்லம் என்றால் இதுவல்லவா இல்லம், ஆளுக்கு இரண்டு தட்டு என்று நான் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

என் அறையில் இன்னொரு கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். முடிவெட்டும் கடை வைத்திருந்தவராம். முதலில் என்னைக் கண்டாலே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். சில நாளில் பயம் தெளிந்தது. தினமும் காலையில் என் தலைமாட்டில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்ப்பார். நான் அதையும் உரித்துச் சாப்பிடுவேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒருநாள் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து, பழம் இனிப்பாக இருந்ததா, ஏதாவது சொன்னாளா என்று மலாயில் கேட்டார். யார் என்றேன். என் சம்சாரம் என்றார். உங்கள் சம்சாரம் எங்கே என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, அது உனக்குத்தானே தெரியும் என்றார்.

இல்லத்துச் சமையல்காரர் தமிழர். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். முதலில் மழுப்பினார். விடாமல் பிடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. செத்தவங்கள நீங்க பேரு சொல்லிக் கூப்புடுவீங்களாம், அவங்க வந்து ஒங்களோட சாப்புடுவாங்களாம், அப்பக் கதவ சாத்திக்குவீங்களாம். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க. யாரும் பயப்படக்கூடாதுன்னு மேட்ரன் எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டிட்டாங்க. அந்தத் தட்டு ஒங்க கூட்டாளிங்களுக்குத்தான் லா."

அதோடு நிற்கவில்லை. எனக்கு மலச்சிக்கல் இருப்பது, பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பது, பெண் கேட்டுப் போன வீட்டார் பதில் சொல்லாமல் விட்ட துக்கத்தில் ஒரு மாதம் மீசையை எடுத்துவிட்டுத் திரிந்தது எல்லாமே அந்தக் காகிதத்தில் இருந்ததாம். சமையல்காரர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னார். எல்லாம் உண்மை. மாக்சிக் பொய் சொல்லமாட்டார்.

இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த இல்லத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் என் வயிறு, என் பயம், என் கல்யாணத் தோல்வி வரை தெரிந்திருக்கிறது. எனக்கு அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் சந்தை முழுக்கச் சுற்றிவந்தவனைப் போல இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது அங்கேயும் நிற்காமல் தலைக்கு ஏறிவிட்டது.

மேட்ரனிடம் போய் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. "அது உங்களைப் பத்தினதுதான். ஆனா உங்களுக்கு எழுதினது இல்லையே" என்றார். அவர் அதை இடக்காகச் சொல்லவில்லை. வெகு சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

சரி, விளக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சாதாரண ஆள், எனக்குப் பேய் பிடிக்கவில்லை என்று தொடங்கினேன். அப்படியானால் இறந்தவர்களைக் கூப்பிடுவதில்லையா என்று கேட்டார். கூப்பிடுவேன், ஆனால் அவர்கள் என் ஆட்கள் இல்லை, வீட்டுக்கார அம்மாளின் ஆட்கள் என்றேன். அவர்கள் இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றார். சிலர் இறந்து நூறு வருடத்துக்கு மேலேயும் இருக்கும் என்றேன். அந்த அம்மாளே ஏன் கூப்பிடக்கூடாது என்றார். அவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது, நான் பேசினால்தான் புரியும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மேட்ரன் என் கையைத் தட்டிக்கொடுத்து, அன்றிலிருந்து காப்பியை நிறுத்திப் பாலாக மாற்றிவிட்டார்.

அதோடு இன்னொன்றும் செய்தார். மாவுக்கட்டைப் பிரித்தபின்னும் என்னை உடனே விடமுடியாது, மனசைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன் என்றார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களூரில் ஒருவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் அவனுக்குப் பைத்தியம் என்று அர்த்தம். அங்கேதான் மனநோய் ஆஸ்பத்திரி. எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருவனைப் பைத்தியம் என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவன் இல்லை இல்லை என்று எவ்வளவு சத்தமாகச் சொல்கிறானோ அவ்வளவுக்கு அந்தக் காகிதம்தான் பலமாகிறது. என் குரலோ ஏற்கெனவே சத்தம். போதாக்குறைக்குப் பழப் பார்ச்சு நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டுப் பிரித்த வாரத்தில் மாக்சிக் மூன்றுசக்கரத் திரிஷா வண்டியில் வந்து இறங்கினார். மடியில் ஒரு கூடை ரம்புத்தான் பழம். பார்ச்சுக்குத் தம்பியை அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் ஒரு வார்த்தை விளக்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்து மேட்ரன் முன்னால் உட்கார வைத்தேன்.

இந்தத் தம்பி கூப்பிட்டால் இறந்தவர்கள் வருகிறார்கள் என்று சொன்னீர்களாமே, உண்மையா என்று மேட்ரன் கேட்டார். மாக்சிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "வராம என்ன? இந்தக் குரலுக்கு வராம இருக்க முடியுமா? முன்னெல்லாம் இலையில சாப்பாடு கலையாமக் கெடக்கும். தம்பி வந்தப்புறம் பாருங்க, திருப்தியாச் சாப்பிட்டுட்டுப் போறாங்க" என்று அடித்துச் சொன்னார்.

மேட்ரனின் பார்வை என்னை விட்டு மாக்சிக்கின் மேல் திரும்பியது. வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று பரிவோடு கேட்டார். யாரும் இல்லை, தனியாகத்தான் என்றார் மாக்சிக். இரவில் தூக்கம் வருகிறதா? அவ்வளவாக வருவதில்லை. அவர்களோடு நீங்களும் பேசுவீர்களா? அடுப்படியில் வேலை செய்யும்போது புருஷனோடு பேசுவேன், அவர்தான் பதில் சொல்வதில்லை, உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். மேட்ரனின் கை மெல்ல மேஜையிலிருந்த பேனாவை நோக்கிப் போயிற்று.

எனக்குப் பகீரென்றது. இன்னும் நாலு கேள்வி போனால் என் பக்கத்துக் கட்டிலில் மாக்சிக்கையும் படுக்க வைத்துவிடுவார்கள். மாக்சிக்கோ, ஊரில் யாருமே தன்னை இப்படி அக்கறையாக விசாரித்ததில்லை என்ற மகிழ்ச்சியில் தன் மூட்டுவலியைப் பற்றித் தொடங்கிவிட்டார். நான் லாரியில் நிற்பவனைப் போலவே கத்திவிட்டேன். "மாக்சிக், பதில் சொல்லாதீங்க! முதல்ல எதுக்குக் கேக்குறாங்கன்னு கேளுங்க!"

மாக்சிக் என்னைப் பார்த்தார். மேட்ரனைப் பார்த்தார். பிறகு, யாருமே எதிர்பார்க்காத மாதிரி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சாந்தமாகக் கேட்டார். இவ்வளவு காலத்தில் மேட்ரனை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். மாக்சிக் சிரித்துக்கொண்டே, இப்படி உட்கார்ந்து கேட்டால் என்ன தெரியும், பார்ச்சு அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்களே பாருங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். தன் கண்ணெதிரில் இருக்கும்வரை என்னை வெளியே அழைத்துப்போக மேட்ரன் ஒப்புக்கொண்டார்.

பார்ச்சு நாளில் வாடகைக் காரில் ஏறப்போனால், முன்சீட்டில் அந்தச் சீனப் பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு ஆரஞ்சு. இறங்கச் சொல்லிப் பார்த்தோம், அசையவில்லை.

மாக்சிக்கின் நடுவீட்டில் வரிசையாக இலை போட்டிருந்தது. தேங்காய்ப்பால் சோறு, கோழிக்குழம்பு, இறால் சம்பல், டோடோல் என்கிற வெல்ல அல்வா, துரியான், மங்குஸ்தான் என்று நிரம்பியிருந்தது. சாம்பிராணி வாசனையும் துரியான் வாசனையும் ஒன்றை ஒன்று தோற்கடிக்கப் பார்த்தன. உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மேட்ரன் வாசலில் நின்று அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாக்சிக்கிடம், எங்கள் அப்பா அம்மாவுக்கு நாங்கள் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவோம், நீங்கள் வீட்டுக்கே கூப்பிடுகிறீர்கள், அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றார் மாக்சிக். மேட்ரன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பி, அப்படியானால் இத்தனை நாளும் அந்த இன்னொரு தட்டைச் சாப்பிட்டது யார் என்றார்.

நான்தான் என்றேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து, மாக்சிக் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சீனப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தன் மனைவியையும் கூப்பிடவேண்டும் என்றார். எனக்குத் தர்மசங்கடம். ஐயா, நான் அப்படிப்பட்டவன் இல்லை, அதோடு உங்கள் மனைவிக்குத் தமிழ் தெரியாதே என்றேன். "எங்க ஹொக்கியன் பாஷையில நான் சொன்ன எதையும் அவ காதுல வாங்கினதில்ல. தமிழ்ல சொல்லிப் பாரு" என்றார். மாக்சிக் உள்ளே போய் இன்னொரு இலை கொண்டுவந்து வரிசையின் கடைசியில் போட்டார். பெரியவர் குனிந்து அதில் ஆரஞ்சை வைத்தார். பிறகு என் காதருகே வந்து, அவளிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது என்று அதைச் சொன்னார்.

முதலில் மாக்சிக்கின் முன்னோர்களை வழக்கம்போலத் தெரு அதிரக் கூப்பிட்டேன். அப்புறம் எல்லாரும் வெளியே போனார்கள். நான் மட்டும் அந்தக் கடைசி இலையின் முன்னால் நின்று, அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மைக் இல்லாமலே ஊரைக் கூட்டுகிற நான், வாழ்க்கையில் முதல்தடவையாக யாருக்கும் கேட்காமல் பேசினேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்ததும் மேட்ரன் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். என்னைத் தனியே அழைத்து, இங்கிலீஷில் இருந்ததை வரிவரியாக மலாயில் சொல்லி, எது இருக்கலாம், எது கூடாது என்று கேட்டார். மீசை போயிற்று. பல்லி போயிற்று. செத்தவர்களும் போனார்கள். மலச்சிக்கல் சாப்பாடு சம்பந்தப்பட்டது, அது இருக்கட்டும் என்றேன். 'மிகவும் சத்தமாகப் பேசுவார்' என்பதையும் அப்படியே வைத்துவிடச் சொன்னேன். அந்த மனசு டாக்டர் வரும்வரை காத்திராமல் மறுநாளே எனக்கு விடுதலை கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் இல்லத்துக்கு யாரைப் பற்றி என்ன எழுதி வந்தாலும் முதலில் அந்த ஆளிடமே வாசித்துக்காட்டிவிட்டுத்தான் மேட்ரன் அலமாரியில் வைப்பார் என்று, படம் பார்க்க வந்த சமையல்காரர் பிறகு சொன்னார். மாக்சிக் மட்டும் மாறவில்லை. பின்னால் எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் பல்லி விஷயத்தை அங்கேயும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இதை எழுதிவிட்டு என் மனைவியிடம் படித்துக்காட்டினேன். ஒருவர் பெயரும் இல்லையே என்றாள். பெயரைப் போட அவர்களிடம் நான் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் தன் மனைவியிடம் என்னதான் சொல்லச் சொன்னார், அதையாவது எழுதக்கூடாதா என்றும் கேட்டாள். அது எனக்கு ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் இப்போது இல்லை, அவரிடம் நான் இனிமேல் கேட்கவும் முடியாது. அதனால் ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தியே வயிறு வளர்த்த நான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.